அறுபதாம் நாள் பொது விடுமுறை

என் சின்னம்மா மீனலோசனி காலையில் முகம் கழுவுவதற்கு முன்பே மடிக்கணினியைத் திறந்துவிடுவார். ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயா பகுதியில் இருக்கும் அவர் வீட்டின் சாப்பாட்டு மேசையில் அதற்கென்று ஒரு மூலை உண்டு. அங்கே யாரும் தட்டு வைக்கக்கூடாது. நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஒரு பையோடு நான் அவருடைய மாடி அறைக்கு வந்து சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார். வேறு எதையும் சொல்லவில்லை, எத்தனை நாள் இருப்பாய் என்றுகூடக் கேட்கவில்லை.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. மணம் செய்துகொள்ளவில்லை. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் நூலகராக இருக்கிறார். டிசம்பருக்கு டிசம்பர் புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலை. ஆனால் அவரை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது அந்த வேலை அல்ல, சம்பளமில்லாத இன்னொன்று. ‘தெற்கு நூலகர் குழு’ என்ற மின்னஞ்சல் குழுவுக்கு அவர்தான் நெறியாளர்.

ஜொகூர் முழுக்கப் பள்ளி, கல்லூரி, பொது நூலகங்களில் வேலை செய்யும் அறுநூறு பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். ஒருவர் ஓர் அஞ்சல் எழுதினால் அறுநூறு பேருக்கும் போகும். வாட்ஸ்அப் வந்த பிறகும் அது சாகவில்லை. பத்து வருடத்துக்கு முன் யாரோ கேட்ட கேள்வியையும் பதிலையும் தேடி எடுக்கலாம் என்பதால் நூலகர்களுக்கு அதன்மேல் ஒரு பற்று. பழைய நிலப்படம் எங்கே கிடைக்கும், அட்டையைத் தின்னும் பூச்சிக்கு என்ன மருந்து என்று கேட்பார்கள். வாரத்துக்கு மூன்று நான்கு முறை, ‘வாசகர் ஒருவர் கேட்கிறார்’ என்று தொடங்கும் அஞ்சல் ஒன்று வரும். அது பெரும்பாலும் சட்டக் கேள்வியாக இருக்கும்.

வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. சட்டத்துக்கும் நூலகருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். வக்கீலைப் பார்க்கப் பயப்படுகிறவர்கள் எங்கே போவார்கள் என்று சின்னம்மா திருப்பிக் கேட்டார். நூலகத்தில் மின்விசிறி ஓடும், உட்கார நாற்காலி இருக்கும், முகப்பில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரை நகர்த்திக் கட்டிவிட்டார், முதலாளி பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவில்லை, அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வந்து நிற்பார்கள். முகப்பில் இருப்பவருக்குப் பதில் தெரியாது. அவர் குழுவுக்கு எழுதுவார்.

அந்தக் கேள்விகளுக்குச் சின்னம்மா மூன்று விதிகள் வைத்திருந்தார். கேட்டவர் யார் என்று தெரியக்கூடாது. பதில் எழுதுகிறவர்கள் எந்தச் சட்டம், எந்தப் படிவம், எந்த அலுவலகம் என்று காட்டலாமே தவிர, ‘செய்யலாம்’, ‘செய்யக்கூடாது’ என்று சொல்லக்கூடாது. மூன்றாவது, சட்டக் கேள்வியும் பதிலும் நெறியாளர் படித்துத் திறந்துவிட்ட பிறகுதான் அறுநூறு பேருக்கும் போகும்.

இந்த விதிகள் ஒரு பூட்டிலிருந்து பிறந்தவை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் சிகாமட்டில் ஆறு பொங்கியபோது, வாடகை வீட்டிலிருந்து ஒரு பெண் துயர்துடைப்பு மையத்துக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் வீட்டுக்காரர் வேறு பூட்டுப் போட்டிருந்தார். அப்படிச் செய்ய முடியுமா என்று அவள் சிகாமட் நூலகத்தில் கேட்க, கேள்வி குழுவுக்கு வந்தது. சின்னம்மா சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் முடியாது என்று ஒரே வரியில் பதில் போட்டார். அவர் எழுதியது சரிதான். அந்தப் பெண் அந்த வரியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பூட்டை உடைத்து உள்ளே போனாள். வீட்டுக்காரர் போலீசுக்குப் போனார். அவள் ஓர் இரவு லாக்கப்பில் இருந்தாள். பிறகு விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த அச்சுத்தாள் சின்னம்மாவின் கல்லூரி முதல்வர் மேசைக்கு வந்தது. சின்னம்மா அன்றிரவே விதிகளை எழுதினார். அதற்குப் பிறகு ஒரு வாசகரின் கேள்விக்கும் அவர் தானாகப் பதில் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி மாசாய்ப் பக்கத்துச் சிறிய நூலகம் ஒன்றிலிருந்து ஓர் அஞ்சல் வந்தது. எழுதியவர் வாசுகி. முப்பது வயது, குழுவில் அடிக்கடி எழுதுகிறவர். ஐம்பத்து நான்கு வயது வாசகர் ஒருவர் பாசிர் கூடாங்கில் இன்ன தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினார். சரக்கு அடுக்கிய மரத்தட்டு ஒன்று சரிந்து உடைந்த பிறகு, ஜூலை ஏழாம் தேதி இரண்டு அதிகாரிகள் அவரை அறைக்குள் உட்காரவைத்து, சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இதைப்பற்றி எங்கேயாவது முறையிட முடியுமா என்று அவர் கேட்கிறார். வாசுகி அப்படியே எழுதியிருந்தார்.

இவ்வளவு விவரம் இருந்தால் அந்த ஆள் யார் என்று பாசிர் கூடாங்கில் யாருக்கும் தெரிந்துவிடும். குழுவில் தொழிற்சாலைப் பயிற்சி நிலையங்களின் நூலகர்களும் இருந்தார்கள். சின்னம்மா அஞ்சலைத் திருப்பி அனுப்பித் திருத்தச் சொன்னார். எனக்கு நேரமில்லை, நீங்களே திருத்திவிடுங்கள் என்று வாசுகி நான்கு நாள் கழித்து எழுதினார். சின்னம்மா மேசை மூலையில் உட்கார்ந்து தொழிற்சாலையின் பெயரை எடுத்தார், போர்க்லிப்டை எடுத்தார், வயதை எடுத்தார். ‘ஜூலை ஏழாம் தேதி’ என்பதை ‘அண்மையில்’ என்று மாற்றினார். பதினெட்டாம் தேதி திறந்துவிட்டார்.

மறுநாள் காளிதாஸ் என்பவர் பதில் எழுதினார். அவர் ஒரு சட்டக் கல்லூரியின் நூலகர், குழுவில் எல்லோரும் மதிக்கும் ஆள். எந்தச் சட்டம் என்பதையும், தொழில் உறவு இலாகாவில் என்ன படிவம் கொடுக்க வேண்டும் என்பதையும், வேலை போன நாளிலிருந்து அறுபது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் சுருக்கமாக எழுதியிருந்தார். சின்னம்மா திறந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து காளிதாஸ் இன்னொரு வரி அனுப்பினார்: ‘இது எந்தத் தேதியில் நடந்தது? அது முக்கியம்.’ அந்த வரியைச் சின்னம்மா நிறுத்திவைத்தார். வாசகரை அடையாளம் காட்டக்கூடிய விவரத்தைக் கேட்கக்கூடாது என்பது முதல் விதி.

செப்டம்பர் மூன்று, புதன்கிழமை. பருவ விடுமுறை என்பதால் கல்லூரியில் ஆள் குறைவு. நான் அவரோடு மதியச் சாப்பாட்டுக்காக நூலகத்துக்குப் போயிருந்தேன். வாசுகியிடமிருந்து ஒரு நன்றி அஞ்சல் வந்திருந்தது. பதிலை அச்செடுத்து உறையில் போட்டு முகப்பில் வைத்திருப்பதாகவும், அந்த வாசகர் இன்னும் வரவில்லை என்றும் எழுதியிருந்தார். சின்னம்மா படித்தார். பிறகு பழைய அஞ்சலைத் தேடி எடுத்தார். மேசை நாட்காட்டியை முன்னால் இழுத்து, பென்சிலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு போனார். ஜூலை முடிந்தது, ஆகஸ்ட் முடிந்தது. அறுபதாம் நாளில், செப்டம்பர் ஐந்தாம் தேதியில், பென்சில் நின்றது. அந்தக் கட்டம் சிவப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை, நபிகள் பிறந்த நாள், பொது விடுமுறை.

அறுபதாம் நாள் விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில் கொடுக்கலாமா? அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது என்றார். ஆனால் அது இதற்குப் பொருந்துமா என்று சொல்ல அவர் வக்கீல் இல்லை. எப்படிப் பார்த்தாலும் வியாழக்கிழமைக்குள் கொடுத்தால்தான் சண்டையில்லாமல் இருக்கும். இன்று பாதி நாள் போய்விட்டது.

“அந்த ஆளுக்குப் போன் பண்ணிச் சொன்னா முடிஞ்சுது” என்றேன்.

“யாருக்கு?” என்றார் சின்னம்மா. “அவர் பேரே எனக்குத் தெரியாது, பிள்ளை. தெரியக்கூடாதுன்னு நான்தான் எழுதி வச்சிருக்கேன்.”

வாசுகியை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. வாசுகி முதலில் வாசகரின் எண்ணை அழைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். எண் பயன்பாட்டில் இல்லையாம். தொழிற்சாலை கொடுத்த எண்ணாக இருக்கும்.

“அட்ரஸ் இருக்குமே” என்றார் சின்னம்மா.

“இருக்கு. ஆனா மீனா அக்கா, ரெண்டு வருசத்துக்கு முன்னால இங்க வந்து கிளாஸ் எடுத்தது நீங்கதான? போலீஸ் வந்து கேட்டாகூட மேலிடத்துல கேக்காம மெம்பர் அட்ரஸ் குடுக்காதீங்கன்னு. நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.”

“நான்தான் சொன்னேன்.”

“அப்ப என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?”

கொடு என்று சொல்லச் சின்னம்மாவுக்கு வாய் வரவில்லை. கொடுக்காதே என்றும் சொல்ல முடியவில்லை. தன் கையாலேயே நாலு பக்கமும் சுவர் எழுப்பி, கதவு வைக்க மறந்துபோன ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. யாருமில்லாத அந்த வாசிப்பறையில் எழுந்து அங்குமிங்கும் நடந்தேன்.

கடைசியில் வாசுகிதான் வழி சொன்னார். “அஞ்சு மணிக்கு எனக்கு வேலை முடியும். மோட்டர்ல வீட்டுக்குப் போவேன். எந்த ரோட்டுல போறதுங்கறது என் இஷ்டம். பின்னால யாராச்சும் காடியில வந்தா நான் என்ன லா பண்ண முடியும்.”

அப்படியாக மாலை ஐந்தேகாலுக்கு நான் சின்னம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவருடைய காரை ஓட்டிக்கொண்டு, ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளின் பின்னால் போனேன். பாசிர் கூடாங் நெடுஞ்சாலையில் வேலை விட்ட கூட்டம். நூறு சிவப்பு மோட்டார் சைக்கிள்கள் போயின. இரண்டு முறை தொலைத்துவிட்டோம். இரண்டு முறையும் வாசுகி சாலையோரம் நின்று, தலைக்கவசத்தின் பட்டையைச் சரிசெய்வதுபோல் காத்திருந்தார். மாசாயில் அடுக்குமாடி வீடுகள் இருக்கும் ஒரு சந்துக்குள் திரும்பி, ஒரு கட்டடத்தின் முன்னால் மெதுவாகப் போய், மூன்றாவது மாடியில் மூலை வீட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஹார்னை ஒரு முறை அடித்துவிட்டுப் போய்விட்டார். எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

லிப்ட் இல்லை. மூலை வீட்டின் இரும்புக் கிராதி திறந்திருந்தது. ஐம்பது வயதுப் பெண்ணொருவர் கூடத்தில் நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மாவின் கண்ணாடியையும் கழுத்தில் தொங்கிய அட்டையையும் பார்த்துவிட்டு, வாங்க டீச்சர் என்றார். பெயர் பேச்சியம்மாள். கணவர் வீரமுத்து வேலைக்குப் போயிருக்கிறார், வர ஏழரை ஆகும், உட்காருங்கள் என்றார்.

நாங்கள் உட்கார்ந்தோம். அப்போதுதான் அவர் தேய்த்துக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தேன். நீலச் சட்டை. பையின்மேல், ஜூலை ஏழாம் தேதி அவரை வெளியே அனுப்பிய தொழிற்சாலையின் பெயர் மஞ்சள் நூலில் தைத்திருந்தது. நாற்காலியின் முதுகில் தேய்த்து முடித்த இன்னொன்று தொங்கியது. சின்னம்மாவும் பார்த்துவிட்டார்.

வீரமுத்து வீட்டில் சொல்லவில்லை.

பேச்சியம்மாள் மைலோ கலந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்ன விசயம் என்று கேட்டார். நூலகத்திலிருந்து வருகிறோம் என்றார் சின்னம்மா. அதோடு நிறுத்திக்கொண்டார். உண்மையைச் சொன்னால் ஒரு வாசகர் ரகசியமாகக் கேட்டதை அவர் மனைவியிடம் உடைத்ததாகும். சொல்லாவிட்டால் ஏழரை மணிவரை இந்த நாற்காலியில் ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்பதற்கு ஏதாவது சொல்லியாக வேண்டும்.

“பொஸ்தகம் திருப்பிக் குடுக்கலையா?” என்று பேச்சியம்மாளே கேட்டார். “இந்த மனுசன் பொஸ்தகம்லாம் படிக்கிறாரா? எனக்கே தெரியாம?”

“ஆமா, ஒரு பொஸ்தகம்” என்றார் சின்னம்மா.

“பேர் என்னா?”

முப்பது வருடம் புத்தகங்களோடு வாழ்ந்த பெண்ணுக்கு ஒரு பெயர் வரவில்லை. செடி வளர்ப்பு பற்றியது என்று நான் சொன்னேன். பேச்சியம்மாள் வெளியே நடைபாதையைப் பார்த்தார். அங்கே ஒரு செருப்புத் தாங்கியும் மோட்டார் எண்ணெய் டப்பாவும்தான் இருந்தன. “செடியா?” என்றார். ஆனாலும் தேட ஆரம்பித்துவிட்டார். எழுந்து போய் டிவி அலமாரியைத் திறந்தார், கட்டிலுக்கடியில் குனிந்தார், அரிசி டின்னுக்குப் பின்னால்கூடக் கைவிட்டுப் பார்த்தார். வேண்டாம் விடுங்கள் என்று சின்னம்மா சொல்லச் சொல்ல, பழைய நாட்காட்டி, மோட்டார் சைக்கிளின் கையேடு, யாரோ பிள்ளையின் ஆறாம் வகுப்புப் பயிற்சி நூல் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினார். சின்னம்மா ஒவ்வொன்றையும் வாங்கி, பின்பக்கம் திருப்பி நூலக முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இது இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. நான் மைலோவைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிராதிக்கு வெளியே வானம் இருண்டுகொண்டு வந்தது. எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

ஏழரைக்கு வீரமுத்து வந்தார். குட்டையான மனிதர், அதே நீலச் சட்டை. சின்னம்மாவின் அட்டையில் நூலகம் என்ற சொல்லைப் படித்ததும் அவர் முகம் மாறிப்போனது. கீழே போய்ப் பேசலாம் என்றார்.

“ஒரு பொஸ்தகத்துக்கு எதுக்குக் கீழ போவணும்?” என்று பேச்சியம்மாள் எங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டார்.

மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றோம். அவர் மெதுவாகச் சொன்னார். தினமும் காலையில் சீருடையில் கிளம்பி பிளந்தோங்குக்குப் போகிறார். அங்கே ஒரு லோரி கழுவும் இடத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு வேலை செய்கிறார். மாலையில் மறுபடி சீருடையை மாட்டிக்கொண்டு வருகிறார். நூலகத்துக்குப் போனதைப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, என்ன லீவா என்று கேட்டதால் அதன் பிறகு அங்கே போகவில்லை.

“ரெண்டு பேரு உக்காந்திருந்தாங்க. கதவ சாத்திட்டாங்க. இந்த சூராட்டுல, இந்தக் கடுதாசியில, சைன் வை, இல்லன்னா போலீஸ் ரிப்போட்டுன்னாங்க. என்னா எழுதியிருக்குன்னு படிக்கக்கூட விடல.”

சின்னம்மா அறுபது நாள் கணக்கைச் சொன்னார். அலுவலகம் எங்கே இருக்கிறது, கவுண்டர் எத்தனை மணிக்கு மூடும் என்பதைச் சொன்னார். அதுவரைக்கும் அது நூலகர் சொல்வது. அதற்கு மேல் சொல்லலாமா என்று அவர் தயங்கியது எனக்குத் தெரிந்தது. பிறகு சொல்லிவிட்டார்.

“நாளைக்கே போய்க் குடுங்க. வெள்ளிக்கெழம லீவு. அதுக்கப்புறம் குடுத்தா, லேட்டுன்னு சொல்ல அவங்களுக்கு ஒரு காரணம் கெடச்சிரும்.”

“குடுத்தா ஜெயிக்குமா மேடம்?”

“தெரியாது.”

“ஜெயிக்குமான்னு தெரியாமயா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

“உங்க கேள்வியில தேதி இருந்துச்சு. நான்தான் அத எடுத்துட்டேன். உங்கள யாருக்கும் தெரியக்கூடாதுன்னு எடுத்தேன். தேதி இருந்திருந்தா மூணு வாரத்துக்கு முன்னாலயே யாராவது சொல்லியிருப்பாங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

வீரமுத்து கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் சட்டைப் பையின்மேல் இருந்த பெயரை விரலால் தடவினார். “யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நானும் இதத்தான போட்டுக்கிட்டுத் திரியறேன்” என்றார். அந்தப் படிவத்துக்குப் பதில் கடிதம் வீட்டுக்கு வருமா என்று கேட்டார். வரும் என்றார் சின்னம்மா. நாளைக்கு வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லாமல் அவர் படியேறிப் போனார்.

மறுநாள் சின்னம்மா அரை நாள் விடுப்பு எடுத்தார். இரண்டு மணியிலிருந்து அந்த அலுவலகக் கட்டடத்தின் கீழே காத்திருந்தோம். காருக்குள் உட்கார மறுத்துவிட்டார். மூன்று மணிக்கு, அவர் வரமாட்டார் என்று நான் சொன்னேன். வராவிட்டால் அது அவருடைய முடிவு, ஆனால் நாலு மணிவரை நான் நிற்பேன் என்றார். மூன்றே முக்காலுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். வீரமுத்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

பேச்சியம்மாள் இறங்கி நேராகச் சின்னம்மாவிடம் வந்தார். “பொஸ்தகம் கெடச்சிருச்சா, டீச்சர்?”

சின்னம்மா மன்னிப்புக் கேட்டார்.

“உங்கள என்னா சொல்றது. ரெண்டு மாசமா அயர்ன் பண்ணிக் குடுத்தேன். என் வீட்டு ஆளு சொல்லல, நீங்க வந்து என் மைலோவ குடிச்சிட்டு நீங்களும் சொல்லல.” அதற்குமேல் பேசாமல் கணவருக்கு முன்னால் உள்ளே நடந்தார்.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பொறுமையாகப் படிவத்தை விளக்கினார். வீரமுத்து பெயர், முகவரி, தேதி எல்லாம் எழுதிக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் பேனா நின்றது. தன்னை மறுபடியும் அதே வேலையில் அமர்த்த வேண்டும் என்று கேட்பதுதான் அந்தப் படிவம்.

“அங்கயே திரும்பப் போறேன்னா கேக்கணும்?” என்று தமிழில் எங்களைப் பார்த்துக் கேட்டார். “அந்த ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க.”

இந்தச் சட்டத்தின் கீழ் கேட்க முடிவது அதைத்தான் என்று அந்தப் பெண் சொன்னதைச் சின்னம்மா மொழிபெயர்த்தார். சொந்தமாக ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை. வீரமுத்து பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். சுவர்க் கடிகாரம் நாலு மணி பத்து நிமிடம் காட்டியது.

“எழுதுங்க” என்றார் பேச்சியம்மாள்.

எழுதினார். செப்டம்பர் நான்கு என்று முத்திரை விழுந்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறை நாளில் சின்னம்மா குழுவுக்கு ஒரு நீண்ட அஞ்சல் எழுதினார். பெயர்களை எழுதவில்லை, மற்ற எல்லாவற்றையும் எழுதினார். தேதியை எடுத்தது, தேதி கேட்ட அஞ்சலை நிறுத்தியது, வாசகரின் வீடு தேடிப் போனது, செய் என்று சொன்னது. நான் விதிகளை மீறிவிட்டேன், நெறியாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தார். அனுப்பிவிட்டு மடிக்கணினியை மூடினார். அந்த மேசை மூலையில் நாங்கள் முதல்முறையாகத் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. இரண்டு பேருமாக எங்கேயாவது ஒரு வாரம் போய்வரலாம், ரயில் பயணமாக இருந்தால் நல்லது என்று திட்டம் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

திங்கட்கிழமைக்குள் பதினேழு பதில்கள் வந்தன. எல்லாம் போகாதீர்கள் என்றுதான். உங்களைப்போல் யார் படித்துப் பார்ப்பார்கள், எனக்குப் பிள்ளைகள் சின்னவர்கள், எங்கள் மேலாளர் அனுமதிக்க மாட்டார் என்று ஆளுக்கொரு காரணம். காளிதாஸ் தனியாக எழுதினார்: ‘தேதியைக் கேட்டேன், நிறுத்தினீர்கள். இனிமேல் நிறுத்தாதீர்கள். ஆனால் அந்த வேலையை நான் எடுக்க மாட்டேன்.’ அதற்குள் திறந்துவிடப்படாத சட்டக் கேள்விகள் ஐந்து சேர்ந்திருந்தன. அதில் ஒன்று, புதன்கிழமை நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி ஒருவருக்கு வந்த கடிதம் பற்றியது.

அப்படியே விட்டுவிடுங்கள், யாராவது பார்ப்பார்கள் என்றேன். சின்னம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, நான் வேறு ஏதோ நாட்டு மொழியில் பேசியது போல இருந்தது. தட்டுகளை எடுத்து ஒதுக்கிவிட்டு மூலையில் உட்கார்ந்தார். டிசம்பரில் அவருடைய ஒப்பந்தமும் இன்னொரு வருடத்துக்கு நீண்டது.

நவம்பரில் தொழில் உறவு இலாகாவில் நடந்த வீரமுத்துவின் முதல் சமரசக் கூட்டத்துக்குத் தொழிற்சாலையிலிருந்து யாரும் வரவில்லை. டிசம்பர்க் கூட்டத்துக்கு வந்தார்கள். ஆச்சரியமாக, திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் போர்க்லிப்ட் கிடையாது. பேக்கிங் பிரிவில், இரவு ஷிப்டில். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். அன்று மாலை அவர் சின்னம்மாவுக்குப் போன் செய்தார். பின்னால் லோரியில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது.

“ராத்திரி ஷிப்ட் மேடம். அதே ரெண்டு பேருக்குக் கீழ. போவவா, வேணாமா?”

இதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை, எந்த அலுவலகத்திலும் படிவம் இல்லை.

“நான் சொன்னா நீங்க அப்படியே செய்வீங்க, வீரமுத்து. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது. “சரி, சொல்லாதீங்க” என்றார் அவர். “எழுதிக் கேட்டது நான்தான. குடுத்துட்டாங்க. இப்பப் போயி வேணாம்னா எப்படி லா.” கொஞ்சம் சிரித்தார். பேச்சியம்மாள் உங்களை விசாரித்தார் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஜனவரி முதல் திங்கட்கிழமை வீரமுத்துவுக்கு இரவு ஏழு மணி ஷிப்டில் வேலை தொடங்கியது. அன்று மாலை சின்னம்மா மேசை மூலையில் உட்கார்ந்து அஞ்சல்களைப் படித்துக்கொண்டிருந்தார். நான் மாடியிலிருந்து இறங்கி வந்து, பெர்மாஸ் கடைத்தெருவுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று கூப்பிட்டேன். இன்னும் நாலு கேள்வி இருக்கிறது, நீ போ என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது ஏழு மணி அடித்தது. அவர் திரையிலிருந்து தலையை எடுத்தார்.

“இப்ப உள்ள போயிருப்பாரு” என்றார்.